13-க்கு 13: கருணாநிதி தொகுதி மாறிக்கொண்டே இருந்தது பயத்தாலா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "கருணாநிதி சட்டமன்றத் தேர்தலில் 13 முறை நின்று 13 முறையும் ஜெயித்தார் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒரே தொகுதியில் நிலையாக நிற்காமல் மாறிக்கொண்டே இருந்தாரே, தோற்றுவிடுவோம் என்ற பயம்தானே காரணம்? இந்தச் சாதனையை இனி யாராவது முறியடிக்க முடியுமா?"

முதலில் பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். 1957-ல் குளித்தலை, 1962-ல் தஞ்சாவூர், 1967-லும் 1971-லும் சைதாப்பேட்டை, 1977-லும் 1980-லும் அண்ணா நகர், 1989-லும் 1991-லும் துறைமுகம், 1996, 2001, 2006 ஆகிய மூன்று முறையும் சேப்பாக்கம், 2011-லும் 2016-லும் திருவாரூர். ஆக 7 தொகுதிகள், 6 இடமாற்றங்கள்.

வெற்றி வித்தியாசங்களை இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். அவர் 2,000 ஓட்டுக்கும் குறைவாக ஜெயித்தது மூன்றே முறை. தஞ்சாவூர் 1962: 1,928. அண்ணா நகர் 1980: 699. துறைமுகம் 1991: 890. இந்த மூன்று முறையும் அடுத்து அவர் நின்ற தேர்தலில் அந்தத் தொகுதிப் பக்கம் திரும்பவில்லை. எனவே உங்கள் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 6 மாற்றங்களில் மூன்று, மயிரிழையில் தப்பித்த பிறகு நடந்தவை. மீதி மூன்றின் கதை வேறு. இதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துப் பேசினால் "பயந்தார்" என்றும் சொல்லலாம், "எங்கே நின்றாலும் ஜெயிப்பார்" என்றும் சொல்லலாம். இரண்டு கோஷ்டியும் அதைத்தான் செய்கிறது.

குளித்தலையிலிருந்தே தொடங்குவோம். தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்பதையே தி.மு.க. 1956 திருச்சி மாநாட்டில் வந்திருந்தவர்களிடம் ஓட்டு வாங்கித்தான் முடிவு செய்தது. அடுத்த ஆண்டு முதல் தேர்தல். கருணாநிதிக்கு அப்போது 32 வயது. பிறந்தது திருக்குவளை, படித்தது திருவாரூர். குளித்தலையோ அன்றைய திருச்சி மாவட்டத்தின் காவிரிக்கரைத் தொகுதி. வெளியூர்க்காரர்தான். ஆனால் அதே மாவட்டத்தில் 1953-ல் டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கேட்டு ரயில் தண்டவாளத்தில் படுத்து, சிறைக்கும் போனவர். சினிமா வசனத்தாலும் பெயர் தெரிந்திருந்தது. ஜெயித்து சபைக்குப் போனதும் 1957 மே மாதம் அவர் பேசிய முதல் பேச்சு, தன் தொகுதியில் இருந்த நங்கவரம் பண்ணை விவசாயிகளின் பிரச்சினை பற்றியது. திராவிட நாடு, இந்தி எதிர்ப்பு என்று கட்சி மேடையில் முழங்கியவர், சபையில் முதலில் எடுத்தது பண்ணையில் பாடுபடுகிறவர்களின் வாரப் பிரச்சினையை, அதாவது விளைச்சலில் அவர்களுக்கு உரிய பங்கை. எம்.எல்.ஏ. வேலை என்ன என்பது முதல் நாளிலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

அந்த முதல் தேர்தலில் ஜெயித்த தி.மு.க.வினர் 15 பேர். 1962-ல் அந்த 15 பேரையும் குறிவைத்துக் காமராஜர் வேலை செய்தார். உள்ளூரில் செல்வாக்கும் பணபலமும் உள்ள ஆட்களாகப் பார்த்து நிறுத்தினார். காஞ்சிபுரத்தில் அண்ணாவே பஸ் முதலாளி நடேச முதலியாரிடம் தோற்றார். கட்சி 15-லிருந்து 50 ஆக வளர்ந்தது, ஆனால் பழைய ஆட்களில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போனார்கள். அந்தச் சமயத்தில் கருணாநிதி குளித்தலையை விட்டுத் தஞ்சாவூருக்கு வந்தார். எதிரே நின்றவர் பரிசுத்த நாடார். 1957-ல் அதே தொகுதியில் ஜெயித்த காங்கிரஸ்காரர், தஞ்சையின் பெரும் புள்ளி. பாதுகாப்பான இடம் தேடுகிறவர் போய் மாட்டிக்கொள்ளும் இடமே இல்லை அது. 1,928 ஓட்டில் தப்பித்தார் என்றும் சொல்லலாம், சாதித்தார் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதைச் சொல்வேன். காரணம், 1967-ல் தமிழ்நாடு முழுக்க தி.மு.க. அலை அடித்தபோதும் தஞ்சாவூரில் அதே பரிசுத்த நாடார்தான் மறுபடி ஜெயித்தார்.

அப்படியென்றால் 1967-ல் தஞ்சாவூரில் நின்றிருந்தால் கருணாநிதி தோற்றிருப்பாரா? தோற்றிருக்கலாம். அவர் சைதாப்பேட்டைக்கு வந்தார், சுமார் 20,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். முதல் மாற்றம் கடினமான இடத்துக்கு. இரண்டாவது மாற்றம் சுலபமான இடத்துக்கு. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு எழுத வேண்டும்.

1967 தேர்தலின் இன்னொரு சம்பவத்தையும் மறந்துவிடக் கூடாது. விருதுநகரில் காமராஜர், பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். 1962-ல் அண்ணா, 1967-ல் காமராஜர். இருவரும் தோற்றது அவரவர் சொந்த ஊரில். சொந்த ஊர் என்பதே ஒரு பாதுகாப்பு என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் அப்போதே உடைந்துவிட்டது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் கருணாநிதி.

அப்புறம் சென்னைக் காலம். 1967 முதல் 2006 வரை அவர் நின்ற 9 தேர்தலும் சென்னையில்தான். இதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். 1959-லேயே சென்னை மாநகராட்சியைப் பிடித்த கட்சி தி.மு.க. எம்.ஜி.ஆர். பிரிந்துபோய் 1977-ல் ஆட்சியைப் பிடித்தபோதும் சென்னை தி.மு.க. கையை விட்டுப் போகவில்லை. அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்கு மாநிலம் முழுக்கக் கிடைத்தது 48 இடம், அ.தி.மு.க.வுக்கு 130.

இரண்டாவது காரணம் நடைமுறை சார்ந்தது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. கட்சித் தலைவர் வேட்பாளராக இருந்தால் தன் தொகுதியில் ஓட்டுக் கேட்க அவருக்கு நேரம் இருக்காது. 234 தொகுதிக்கும் பிரச்சாரம் போக வேண்டும். வேட்புமனு தாக்கல் அன்று ஒரு முறை, நடுவில் ஒரு சுற்று, கடைசியில் ஒரு கூட்டம், அவ்வளவுதான் சொந்தத் தொகுதிக்குக் கிடைக்கும். மீதி வேலையைப் பகுதிச் செயலாளரும் வட்டச் செயலாளரும் பார்ப்பார்கள்: வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவது, செத்தவர் பெயரையும் வீடு மாறினவர் பெயரையும் அடிப்பது, பூத் சிலிப் கொடுப்பது, மத்தியானத்துக்கு மேலும் ஓட்டுப் போட வராதவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவது. ஆகவே தலைவருக்கு ஏற்ற தொகுதி என்பது, அவர் இல்லாமலே ஜெயிக்கக்கூடிய தொகுதி. இதே காரணத்தால்தான் எம்.ஜி.ஆரும் மாறினார். பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிபட்டி என்று நான்கு தொகுதிகள், அவரும் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. அவரைப் பார்த்து யாரும் "பயந்து மாறினார்" என்று சொல்வதில்லை என்பது வேடிக்கை.

1977-ல் சைதாப்பேட்டையிலிருந்து அண்ணா நகருக்குப் போனதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. அண்ணா நகர் அந்தத் தேர்தலில்தான் புதிதாக உருவான தொகுதி. அவர் விட்டுப்போன சைதாப்பேட்டையிலும் அந்த முறை தி.மு.க.தான் ஜெயித்தது. சைதாப்பேட்டையில் வேறொரு விசித்திரம் உண்டு. 1971-ல் கட்சி 184 இடங்களை அள்ளியது, அதுவே அன்று சாதனை. ஆனால் முதலமைச்சராக நின்ற கருணாநிதியின் வித்தியாசம் 12,511-ஆகக் குறைந்தது. மாநிலத்தில் வீசுகிற காற்று தலைவர் தொகுதியிலும் அதே வேகத்தில் வீசும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

1980-தான் அவருடைய தேர்தல் வாழ்க்கையில் எனக்கு மிகவும் சுவாரசியமான ஆண்டு. ஜனவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க.-இந்திரா காங்கிரஸ் கூட்டணி 39-ல் 37 இடங்களை வாரிக்கொண்டது. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்து சட்டமன்றத் தேர்தல், கருணாநிதி முதலமைச்சர் ஆகப்போவது உறுதி என்று பேச்சு. மே மாதம் ஓட்டு எண்ணினால் எம்.ஜி.ஆருக்கு 129, தி.மு.க.வுக்கு 37. அண்ணா நகரில் அ.தி.மு.க.வின் ஹண்டேயை எதிர்த்துக் கருணாநிதி பிழைத்தது 699 ஓட்டில். நான்கு மாதத்தில் இவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம் தமிழ்நாட்டில் அதற்கு முன் நடந்ததில்லை. நாடாளுமன்றத்துக்கு ஒரு மாதிரி, சட்டமன்றத்துக்கு ஒரு மாதிரி மக்கள் ஓட்டுப் போடுவார்கள் என்று இன்று டீக்கடையிலும் பேசுகிறோமே, அதற்கு 1980-தான் ஆதி உதாரணம். தோற்ற ஹண்டே எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதார அமைச்சராகி நீண்ட காலம் இருந்தார்.

இங்கேதான் "13-க்கு 13" கணக்கில் கொஞ்சம் சத்தமில்லாமல் ஒரு தேர்தல் நழுவுகிறது. 1957 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் நடந்த சட்டமன்றப் பொதுத்தேர்தல்கள் 14. அவர் நின்றது 13-ல். நிற்காதது 1984. இலங்கைத் தமிழர் மீது நடந்த 1983 படுகொலைகளை முன்னிட்டு அவரும் கட்சிப் பொதுச்செயலாளர் அன்பழகனும் அந்த ஆகஸ்டில் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தார்கள். 1984-ல் கருணாநிதி சட்ட மேலவைக்குப் போனார். அந்த ஆண்டுக் கடைசியில் பொதுத்தேர்தல் வந்தபோது எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனையில், இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அனுதாப ஓட்டு ஆறாக ஓடிய அந்தத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. மேலவையில் இடம் இருந்தது, நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. ராஜினாமா நடந்தபோது இந்த அலை வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதும் உண்மை. ஆனால் விமர்சிக்க விரும்புகிறவர்கள் தொகுதி மாறியதைப் பிடித்துத் தொங்குவதற்குப் பதிலாக இதைக் கேட்கலாம். இது நல்ல கேள்வி.

1986-ல் மேலவையையே எம்.ஜி.ஆர். அரசு ஒழித்துவிட்டது. அடுத்த தேர்தல் வரும்வரை கருணாநிதி எந்த அவையிலும் இல்லை. 1989-ல் திரும்பி வந்தபோது தேர்ந்தெடுத்தது துறைமுகம். அளவில் சின்னத் தொகுதி, வியாபாரிகளும் முஸ்லிம்களும் கூலித் தொழிலாளிகளும் நெருக்கி வாழ்கிற இடம். ஏறக்குறைய 32,000 ஓட்டில் ஜெயித்தார், கட்சிக்கு 150 இடம். அவர் விட்டுப்போன அண்ணா நகரில் அதே தேர்தலில் அன்பழகன் நின்று ஜெயித்தார். அதாவது அவரே நின்றிருந்தாலும் ஜெயித்திருப்பார். 699 என்ற எண் பயமுறுத்தியிருந்தால் அது தேவையில்லாத பயம்.

பிறகு 1991. ஆட்சி ஜனவரியில் கலைக்கப்பட்டது, மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூனில் நடந்த தேர்தலில் தி.மு.க. துடைத்தெறியப்பட்டது. கட்சிக்கு மிஞ்சியது இரண்டே இடம். துறைமுகத்தில் கருணாநிதி, எழும்பூரில் பரிதி இளம்வழுதி. காங்கிரஸின் சுப்புவை அவர் 890 ஓட்டில் வென்றார். மேடைப் பேச்சு, வசனம், இலக்கியம் எதுவும் அந்தத் தேர்தலில் ஓட்டு வாங்கித் தரவில்லை. 890 ஓட்டும் வட்டச் செயலாளர்கள் வாங்கிக் கொடுத்தது என்றுதான் நான் சொல்வேன். ஜெயித்த கையோடு கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று அந்த இடத்தையும் ராஜினாமா செய்துவிட்டார்.

1996-ல் சேப்பாக்கம். எதிரே காங்கிரஸ் வேட்பாளராக நெல்லை கண்ணன். பேச்சாளருக்கு எதிராகப் பேச்சாளர். 35,000-க்கு மேல் வித்தியாசம். அதே தேர்தலில்தான் பர்கூரில் முதலமைச்சர் ஜெயலலிதா தோற்றார். பதவியில் இருக்கும் முதல்வரே தோற்ற ஆண்டையும் ஒரு மாநிலமே எதிர்த்து நின்ற 1991-ஐயும் சேர்த்து யோசித்தால், தோற்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். 2001-ல் ஆட்சி போனது, கட்சிக்கு 31 இடம்தான், சேப்பாக்கத்தில் வித்தியாசம் 4,834 ஆக இறங்கியது. ஆனால் 2006-லும் அங்கேயே நின்றார். குறைந்த வித்தியாசத்துக்குப் பிறகும் நகராத ஒரே சந்தர்ப்பம்.

திருவாரூரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: கடைசிக் காலத்தில்தான் சொந்த ஊர் ஞாபகம் வந்தது என்று. திருவாரூர் பல பத்தாண்டுகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதியாக இருந்தது, அவர் அங்கே வேட்புமனு தாக்கல் செய்யவே முடியாது. தொகுதி மறுவரையறைக்குப் பிறகுதான் பொதுத் தொகுதியானது. அதே மறுவரையறையில் பழைய சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியோடு சேர்ந்து உருமாறிவிட்டது. கிடைத்த முதல் வாய்ப்பில், 2011-ல், திருவாரூர் போனார். அந்த ஆண்டு தி.மு.க.வுக்கு வெறும் 23 இடம், எதிர்க்கட்சி அந்தஸ்துகூட விஜயகாந்தின் தே.மு.தி.க.வுக்குப் போனது. திருவாரூரில் மட்டும் வித்தியாசம் 50,249. 2016-ல், 91 வயதில், 68,366. மாநிலத்திலேயே அந்த முறை அதுதான் பெரிய வித்தியாசம்.

எம்.எல்.ஏ.வாக அவர் எப்படி என்று கேட்டால், என் கணிப்பில் அவருடைய சிறந்த காலம் முதல்வர் நாற்காலியில் இருந்த ஐந்து முறையும் அல்ல. 1962-67-ல் எதிர்க்கட்சித் துணைத் தலைவராகவும், 1977-83-ல் எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்த காலம். 1989 மார்ச் 25 பட்ஜெட் நாளில் சபையில் நடந்த கைகலப்புக்குப் பிறகு கருணாநிதி, ஜெயலலிதா இருவரில் ஒருவர் முதல்வராக இருந்தால் மற்றவர் சபைக்கு வருவது அரிதாகிவிட்டது. 2001-ல் எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பை அன்பழகனிடம் கொடுத்தார். 60 நாள் அனுமதியில்லாமல் வராவிட்டால் உறுப்பினரின் இடத்தைக் காலியானதாக அறிவிக்க அரசியல் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்காக வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது வழக்கமானது. 2011-க்குப் பிறகு சக்கர நாற்காலியோடு உட்கார வசதியாக இடம் ஒதுக்கவில்லை என்பது தி.மு.க.வின் புகார். காரணம் எதுவானாலும், நங்கவரம் விவசாயிக்காக எழுந்து பேசிய உறுப்பினரை அந்த ஆண்டுகளில் சபை பார்க்கவில்லை. 2017-ல் அவருடைய சட்டமன்ற வைரவிழாவை ராகுல் காந்தி, நிதிஷ் குமார் எல்லாம் வந்து கொண்டாடியபோது இதைப் பற்றி யாரும் பேசவில்லை. விழாவில் பேச மாட்டார்கள்தான்.

ஒரே தொகுதியில் நிற்பதுதான் உண்மையான செல்வாக்கு என்பவர்கள் கேரளத்தின் கே.எம். மாணியைக் காட்டுவார்கள். 1965 முதல் 2016 வரை பாலா தொகுதியில் 13 முறை நின்று 13 முறையும் ஜெயித்தவர். எண்ணிக்கை அச்சு அசல் ஒன்று, வகை வேறு. மாணி 2019 ஏப்ரலில் இறந்தார். செப்டம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அவர் கட்சி பாலாவை இழந்தது. கருணாநிதி 2018 ஆகஸ்டில் இறந்தார். கஜா புயலால் தள்ளிப்போய் 2019 ஏப்ரலில் நடந்த திருவாரூர் இடைத்தேர்தலில் தி.மு.க.வின் பூண்டி கலைவாணன் சுலபமாக ஜெயித்தார். பாலாவில் விழுந்த ஓட்டில் பெரும்பங்கு மாணி என்ற ஆளுக்கு. திருவாரூரில் விழுந்தது உதயசூரியனுக்கும் சேர்த்து. கருணாநிதி எங்கே நின்றாலும் கட்சியின் ஓட்டு வங்கிமேல்தான் நின்றார், அந்த வங்கி எங்கே கெட்டியாக இருக்கிறது என்று அவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். பயம் என்ற சொல்லைவிடக் கணக்கு என்ற சொல் இதற்குச் சரியாகப் பொருந்தும்.

இனி முறியடிக்க முடியுமா? 2021 வரையிலான நிலவரத்தை வைத்துப் பார்த்தால், 10 வெற்றியோடு துரைமுருகன்தான் எண்ணிக்கையில் பக்கத்தில் வருகிறார். ஆனால் 1984, 1991 இரண்டிலும் தோற்றவர், 2021-ல் காட்பாடியில் ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் கரையேறியவர். ஸ்டாலினும் அதே இரண்டு தேர்தல்களில் ஆயிரம் விளக்கில் தோற்றிருக்கிறார். அ.தி.மு.க.விலிருந்து 1977-லேயே சபைக்கு வந்த செங்கோட்டையனை 1996 கவிழ்த்தது. 40 வயதுக்குள் முதல் முறை ஜெயித்து, தமிழ்நாட்டில் மாறி மாறி வரும் ஆட்சி மாற்றங்களில் ஒன்றில்கூடச் சிக்காமல் 60 ஆண்டு தாக்குப்பிடிக்க வேண்டும். 13 என்ற எண்ணை ஒருவேளை யாராவது தொடலாம். தோல்வியே இல்லாத 13-ஐத் தொடுவதற்கான பட்டியலில் இன்றைய மூத்தவர்கள் யாரும் இல்லை.